மணலில் ஓடாத நாற்காலி

சமூகப் பணியில் முதுகலைப் பட்டம் வாங்கி வந்த நாளிலிருந்து என் அப்பா என் தொழிலை யாரிடமும் சரியாகச் சொன்னதில்லை. தூத்துக்குடி மார்க்கெட் பக்கம் அவருக்குப் பலசரக்குக் கடை. கருப்பட்டி வாங்க வருகிறவர்கள், "அண்ணாச்சி, மக என்ன பண்ணுதா?" என்று கேட்டால், "ஆபீஸ் போறா" என்பார். எந்த ஆபீஸ் என்று யாராவது மேலும் தோண்டினால் தராசைத் துடைக்கத் தொடங்கிவிடுவார். வீட்டில்தான் மனம் திறப்பார்.

"ஏளா, சேவைங்கது கடைய அடுத்த ஆளுகிட்ட ஒப்படைச்ச பொறவு செய்யது. அதைக் காலேஜுல போய் படிச்சிட்டு வந்து செய்யதுக்கு என்ன இருக்கு?"

"சேவை இல்லப்பா, தொழில்."

"தொழில்னா சம்பளம் எங்க?"

இந்தக் கேள்விக்கு எங்கள் பாடத்திட்டத்தில் பதில் கிடையாது.

அப்பாவை மட்டும் குறை சொல்ல முடியாது. என்னை வேலைக்கு எடுத்த தொண்டு நிறுவனத்தின் இயக்குநரே நேர்முகத்தில், "இது வேலை இல்லம்மா, அர்ப்பணிப்பு" என்றுதான் ஆரம்பித்தார். சம்பளப் பேச்சு வரும்போதெல்லாம் அந்த அர்ப்பணிப்பு நடுவில் வந்து சம்மணம் போட்டு உட்கார்ந்துகொள்ளும். ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வரச் சொல்லும்போதும் அதேதான். விடுப்பு கேட்டால் மட்டும் சட்டென்று அது வேலையாகிவிடும்.

ஒரு பெரிய கம்பெனியின் சமூகப் பொறுப்பு நிதியில் எங்களுக்குக் கடற்கரைத் திட்டம் ஒன்று கிடைத்தது. திருச்செந்தூர் போகிற வழியில் சில மீனவர் ஊர்கள் என் பங்குக்கு வந்தன. பஸ்ஸை விட்டு இறங்கி மணலில் கால் புதைய நடந்து போனால், வாசலில் உட்கார்ந்திருக்கும் பெண்கள் என்னை ஏற இறங்கப் பார்ப்பார்கள். "லோன் மேடமா?" என்பார் ஒருவர். "இல்லளா, சிஸ்டரு. உடுப்புதான் போடல" என்பார் இன்னொருவர். "கணக்கெடுக்க வந்திருக்காங்க, ஆதார் கார்ட உள்ள வை" என்று ஒரு குரல் எச்சரிக்கும். நான் சமூகப் பணியாளர் என்று விளக்கி முடித்ததும் மூன்று பேரும் ஒரே குரலில், "அப்ப லோன் கெடைக்குமா?" என்பார்கள்.

அப்படி ஓர் ஊரில்தான் அந்தத் தம்பதியைப் பார்த்தேன். கணவர் சங்கு குளிக்கப் போனவர். ஒருநாள் ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்ததில் ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிவிட்டது. அன்றைக்குப் போனது இடுப்புக்குக் கீழே உணர்ச்சி. நாற்பதைத் தொட்ட வயது. தோள் இரண்டும் இன்னும் கடலில் இருப்பவருடையவை. மனைவி கருவாடு விற்கிறவர். வீட்டு முன்னறையில் கட்டிலைப் போட்டு, சன்னல் பக்கமாக அவரைப் படுக்கவைத்திருந்தார்.

உதவி தேவைப்படுகிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்து தொடங்கு என்று எங்களுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். இவர் நிற்கவில்லை. இதைப் பற்றிப் பாடத்தில் ஒன்றும் இல்லாததால் கட்டில் ஓரத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தேன்.

"என்ன குடுக்கப் போறீங்க?" என்றார் அவர்.

"முதல்ல உங்களுக்கு என்ன வேணும்னு கேக்க வந்தேன் அண்ணே."

"அப்ப ஒண்ணும் குடுக்கப் போறதில்ல." மனைவியைப் பார்த்துக் கண்ணடித்தார். "குடுக்கவன் கேக்க மாட்டான். வச்சிட்டுப் போட்டோ புடிப்பான்."

மூன்று நான்கு தடவை போன பிறகுதான் கேலி குறைந்து பேச்சு வந்தது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. கடற்கரை ஏலக்கூடத்துக்குப் போக வேண்டும். மீன் ஏலம் விடுவதில் ஊரில் அவரைப் போல் குரலும் கண்ணும் உள்ள ஆள் இல்லையாம். மீனவர் சங்கத்துக்காரர்களும் கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். உட்கார்ந்த இடத்தில் செய்கிற வேலை. ஆனால் எப்படிப் போவது? தினமும் தூக்கிப் போக ஆள் வேண்டும். தூக்குகிறவர்களின் முகத்தைப் பார்க்க இவருக்குப் பிடிக்கவில்லை.

"மீன் விக்கிதுக்கு முன்னால என்னத் தூக்கிட்டு வந்து எறக்குதானுவ. எது மீன் கூடை, எது நான்னு எனக்கே தெரிய மாட்டேங்கு" என்றார். அவர் மனைவி சிரிக்கவில்லை. அதனால் நானும் சிரிக்கவில்லை.

சக்கர நாற்காலி இருந்தால் போதும் என்று நினைத்தேன். வெளியே வந்து பார்த்தபோதுதான் புரிந்தது. மாதா கோயில் தெருவில் சிமெண்ட் போட்டிருக்கிறார்கள்; அது ஏலக்கூடம் வரை போகிறது. ஆனால் இவர் வீட்டு வாசலிலிருந்து அந்தத் தெரு வரை வெறும் மணல். நாற்காலியோடு அந்தத் துண்டுக்கு ஒரு பாதையும் வேண்டும்.

இயக்குநரிடம் சொன்னேன். அவர் திட்ட ஆவணத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு வருத்தத்தோடு தலையசைத்தார். "நாற்காலி குடுக்கலாம். பாதை கட்டுமானத்துல வரும். நம்ம திட்டத் தலைப்பு கண்ணியம்."

"அவரு கண்ணியமா வெளிய போகத்தான் சார் பாதை."

"அந்தம்மாவுக்கு ஃபினாயில் பயிற்சி குடுத்துருவோமே? அது நம்ம தலைப்புல இருக்கு."

எங்கள் கடற்கரையில் ஃபினாயில் செய்யத் தெரியாத பெண்ணைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். வருகிற திட்டமெல்லாம் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறது. எல்லார் வீட்டிலும் பாட்டில் பாட்டிலாக இருக்கிறது. வாங்கத்தான் ஆள் இல்லை.

இதற்கிடையில் எங்கள் உழைப்பை அளக்க ஒரு செயலி வந்தது. போகிற இடத்திலெல்லாம் போட்டோ எடுத்து அதில் ஏற்ற வேண்டும். சங்கு குளித்தவரின் மனைவி ஒருநாள், இரண்டு வருடமாக யாரிடமும் சொல்லாததை எல்லாம், கருவாட்டைப் புரட்டிப் போட்டுக்கொண்டே என்னிடம் சொன்னார். நான் போனைப் பையை விட்டு எடுக்கவில்லை. செயலியின் கணக்கில் அன்று நான் வேலைக்கே போகவில்லை. எங்கள் திட்ட ஒருங்கிணைப்பாளர் விளக்கம் கேட்டார். "கேட்டுக்கொண்டிருந்தேன்" என்று எழுதினேன். "அதற்குப் பட்டியலில் இடம் இல்லை, பயிற்சி என்று போடவும்" என்று பதில் வந்தது.

நாற்காலி வந்தது. அதைக் கொடுக்கக் கம்பெனி அதிகாரி சென்னையிலிருந்து வந்தார். கூடவே வீடியோ எடுக்கிறவர்கள். நாற்காலியின் முதுகில் கம்பெனி முத்திரை, உட்காருகிறவரின் தலைக்கு மேலே தெரியும்படி உயரமாக. முந்தின நாள் இயக்குநர் என்னைத் தனியே கூப்பிட்டு, "அந்தம்மா பேசும்போது கொஞ்சம் அழுதா நல்லாருக்கும். நீங்கதான் நெருக்கமா இருக்கீங்க, சொல்லிவைங்க" என்றார்.

நான் சொல்லவில்லை. ஆனால் வீடியோக்காரரே நேராகப் போய்க் கேட்டுவிட்டார். அந்த அக்கா என் பக்கம் திரும்பினார்.

"எதுக்கு அழணும்? நாற்காலி குடுக்கத்தான வந்திருக்காங்க, எடுத்துட்டுப் போகவா வந்திருக்காங்க?"

"நீங்க அழ வேண்டாம் அக்கா. படம் எடுக்க வேண்டாம்னாலும் சொல்லிரலாம். அது உங்க உரிமை."

"அழுதா ரோடு போடுவாங்கன்னு சொல்லு, ஊரையே கூட்டிட்டு வந்து அழுவுதேன்."

ரோடு கிடையாது என்று நான் சொன்னதும் அவர் புடவையைச் சரிசெய்துகொண்டு, கடைசி வரை கல் மாதிரி முகத்தோடு நின்றார். வீடியோக்காரருக்கு அது பெரிய ஏமாற்றம்.

சமுதாயக் கூடத்தில் எல்லாம் நல்லபடி நடந்தது. தரை சிமெண்ட். நாற்காலி வழுக்கிக்கொண்டு ஓடியது. அதிகாரி கண்ணியத்தைப் பற்றிப் பேசினார். அதோடு விட்டிருக்கலாம். வீடியோக்காரர், "சார், கடல் தெரியுற மாதிரி ஒண்ணு எடுத்துருவோம், நீங்களே தள்ளிட்டு வாங்க" என்றார். அதிகாரியின் காலில் வெள்ளை ஷூ. நாற்காலி சிமெண்டை விட்டு இறங்கியதும் முன்சக்கரம் இரண்டும் மணலுக்குள் தலையைக் குத்தின. பின்னால் இருந்து அவர் பலமாக ஓர் உந்து உந்தினார். உட்கார்ந்திருந்தவர் முன்னால் சரிந்து, கைப்பிடியைப் பிடித்துத் தப்பித்தார். அதிகாரி மண்டியிட்டுவிட்டார்.

கூட்டத்தில் நின்ற நான்கு பேர் ஓடிவந்து நாற்காலியை ஆளோடு தூக்கினார்கள். தோள் உயரத்துக்குப் போனதும், மேலே இருந்தவர் வலது கையை உயர்த்தி, திருவிழாச் சப்பரத்தில் வரும் புனிதரைப் போல இரண்டு பக்கமும் ஆசீர்வதித்தார். ஊரே விழுந்து விழுந்து சிரித்தது. சில பெண்கள் சிலுவைக் குறியும் போட்டுக்கொண்டார்கள். அந்த நேரத்தில் எடுத்த படம்தான் கம்பெனியின் ஆண்டு மலரில் வந்தது. கீழே, "சமூகமே தோள்கொடுக்கும் தருணம்" என்று போட்டிருந்தார்கள்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாற்காலி வாங்க எழுதியது நான். பாதை கேட்டுத் தோற்றதும் நான். வீட்டுக்குப் போகப் பிடிக்காமல் அப்பாவின் கடைக்குப் போய் வாசலில் நின்றேன். பக்கத்துக் குடோனுக்குச் சுமைக்காரர் மூட்டைவண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். குடோன் வாசலில் குண்டும் குழியுமான மண். அதன்மேல் பழைய ரப்பர் பட்டை விரித்திருந்தது. துறைமுகத்தில் நிலக்கரியைச் சுமந்து ஓடுகிற பட்டை. தேய்ந்ததும் பழைய சாமான் கடைக்கு வந்துவிடும். எத்தனையோ தடவை அதன்மேல் நடந்திருக்கிறேன். வண்டி அதில் அலுங்காமல் ஏறி உள்ளே போனது.

"அப்பா, இது எங்க கெடைக்கும்?"

"எதுக்கு?"

நடந்ததைச் சொன்னேன். சப்பரக் கட்டத்தில் அப்பா கல்லாவில் கை ஊன்றிச் சிரித்தார். பிறகு போனை எடுத்துப் பழைய சாமான் கடைக்காரரைக் கூப்பிட்டார். "ஏலே, அகலமான பெல்ட்டு இருக்கா? கிழிசல் ஆகாது பாத்துக்க. மனுசன் போவதுக்கு." நானும் அப்பாவும் காசு போட்டு வாங்கினோம். அவர் பேரம் பேசிய அழகைப் பார்த்தபோது, நிதி கேட்டு நாங்கள் எழுதுகிற விண்ணப்பங்களை எல்லாம் இனி இவரிடம் கொடுக்கலாமே என்று தோன்றியது.

குட்டியானை வேனில் ஏற்றிக்கொண்டு அப்பாவும் வந்தார். என் வேலையைப் பார்க்க அல்ல. வண்டிக்காரன் ஏமாற்றிவிடக் கூடாது என்று. பட்டையை இறக்கி, ஊர் ஆட்கள் மணலைச் சமப்படுத்தி விரித்தார்கள். சங்கு குளித்தவர் நாற்காலியில் ஏறி, சக்கரத்தைத் தன் கையாலேயே சுற்றி, வாசலிலிருந்து தெரு வரை போனார். திரும்பி வந்தார். மறுபடியும் போனார். யாரும் கைதட்டவில்லை. அவர் மனைவி உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தார். வீடியோக்காரர் இல்லாதது நல்லதாகப் போயிற்று.

அடுத்த வாரமே அவர் ஏலக்கூடத்தில் உட்கார்ந்துவிட்டார். எனக்கு மெமோ வந்தது: திட்டத்துக்கு வெளியே செயல்பட்டது, தலைமையின் அனுமதி பெறாதது. பதில் எழுதி முடிப்பதற்குள் கம்பெனிக்கு விஷயம் தெரிந்து, அவர்களுக்கு மிகவும் பிடித்துவிட்டது. மெமோ காணாமல் போனது. அதே மேசையில் உட்கார்ந்து "தடையற்ற பாதை: எங்கள் முன்மாதிரி" என்று ஒரு கட்டுரை எழுதித் தரச் சொன்னார்கள். பட்டையின் ஓரத்தில் பலகை வைக்க ஆள் அனுப்பினார்கள். ஆனால் அங்கே பலகை ஊன்ற இடம் இல்லை. வெயிலில் ரப்பர் நன்றாகச் சூடேறுவதைக் கண்டுபிடித்த பக்கத்து வீட்டுப் பெண்கள் அதன்மேல் வரிசையாக நெத்திலியைக் காயப்போட்டிருந்தார்கள். ஏலம் முடிந்து வருகிறவர் தெருமுனையில் நின்று, "ஏளா, அள்ளுங்க! சக்கரத்த ஏத்தீருவேன்!" என்று கத்துவது தினசரி வழக்கமாகிவிட்டது.

மார்ச்சில் திட்டம் முடிந்தது. கம்பெனியின் அடுத்த தலைப்பு கடல் ஆமை. ஆமையை நான் குறை சொல்ல மாட்டேன். அது பாதை கேட்காது, எதற்கு அழ வேண்டும் என்று எதிர்க்கேள்வியும் போடாது. எங்களுக்கு ஆளுக்கொரு சால்வை போர்த்தி வேலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பினார்கள்.

திட்டம் முடிந்தது அந்த அக்காவின் போனுக்குத் தெரியாது. மழைக்காலத்தில் ஒருநாள் கூப்பிட்டார். உட்கார்ந்தே இருந்ததில் கணவருக்கு இடுப்புக்குக் கீழே புண். உணர்ச்சி இல்லாததால் அவருக்கே தெரியவில்லை. காய்ச்சல் வந்த பிறகுதான் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்பத்திரிக்குச் சேர்ந்து போனோம். வார்டு வாசலில் நர்ஸ் என்னை நிறுத்தினார்.

"நீங்க யாரு, சொந்தமா?"

"சமூகப் பணியாளர்."

"எந்த என்ஜிஓ?"

"இப்ப எதுவும் இல்ல."

"கார்டு?"

டாக்டருக்குப் பதிவு எண் இருக்கிறது, வக்கீலுக்கு இருக்கிறது. என்னிடம் இருந்தது பட்டமும் சால்வையும். "அப்ப வெளிய உக்காருங்க" என்றார். அவர் மேல் தப்பில்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்தேன்.

கொஞ்ச நேரத்தில் அதே நர்ஸ் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தார். முகம் சிவந்திருந்தது.

"அந்த ஆளு அட்மிட் ஆக மாட்டேங்காரு. ஏலம் இருக்காம், வீட்டுக்குப் போணுமாம். டாக்டர் சொல்லியும் கேக்கல, அந்தம்மா சொல்லியும் கேக்கல. நீங்க வந்து சொல்லுங்க."

உள்ளே போனேன். ஒருக்களித்துப் படுத்தபடி அவர் சுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். ஸ்டூலை இழுத்துப் போட்டேன். அவசரப்பட்டுப் பேசவில்லை. அவர் கத்தி ஓய்ந்து, இன்னொருவன் தன் இடத்தில் உட்கார்ந்துவிட்டால் மறுபடி கட்டில்தான் என்பதைத் தானே சொல்லும் வரை காத்திருந்தேன். பயம் அதுதான். அங்கிருந்தே சங்கத்துத் தலைவரைப் போனில் பிடித்து, இடத்தை யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று அவர் வாயாலேயே இவர் காதில் சொல்லவைத்தேன்.

போனைத் திருப்பிக் கொடுத்தவர், புண் ஆறும் வரை இருப்பதாக நர்ஸிடம் ஒப்புக்கொண்டார். பிறகு என்னைப் பார்த்து, "உனக்கு இப்ப சம்பளமே கெடையாதாமே, எங்க வீட்டம்மா சொன்னா. பின்ன எதுக்குளா வந்த?" என்றார்.

"இது என் தொழில் அண்ணே" என்று சொல்வதற்குள் மாத்திரை வந்துவிட்டது.