கயிறு இல்லாத கன்றுக்குட்டி

அன்றைக்கு ஜேடர்பாளையத்து ஆற்றங்கரையில் யார் யார் இருந்தார்கள் என்று இன்றைக்குக் கேட்டாலும் சொல்வேன். எங்கள் அப்பா. பரிசல் ஓட்டும் மாரப்பன். சேலத்திலிருந்து சினிமா எடுக்க வந்த டைரக்டர். தமிழ் தெரியாத கேமராக்காரர். படப் புத்தகம் போட்ட நல்லமுத்து வாத்தியார். நான். அப்புறம் என் செவலைக் கன்றுக்குட்டி.

கரி கேஸில் ஓடும் லாரியில் வந்து இறங்கினார்கள். யுத்த காலம், பெட்ரோல் கிடையாது... அந்தப் புகை கரையெல்லாம் நின்றது. செவலை தும்மிக்கொண்டே இருந்தது.

வாத்தியாரின் புத்தகத்தைப் பார்க்காத பிள்ளை அப்போது எங்கள் பக்கத்தில் இல்லை. நான் படித்தது இரண்டாவது வரைக்கும்தான். அந்தப் புத்தகத்துக்கு எழுத்துத் தெரிய வேண்டாம், பக்கத்துக்கு ஒரு படம். ஒரு கன்றுக்குட்டிக்கு எங்கே போனாலும் மணிச்சத்தம் கேட்கும். யாருடைய மணி என்று களத்துமேடு, சந்தை, புளியந்தோப்பு எல்லாம் தேடிப் போகும். கடைசியில் ஆற்றில் தண்ணீர் குடிக்கக் குனியும்போது, மணி தன் கழுத்திலேயே தொங்குவது தெரியும். வீட்டுக்குத் திரும்பிவிடும். அவ்வளவுதான் கதை.

அதை முழுநீளப் படமாக எடுக்க வந்திருந்தார்கள். புத்தகத்துக் கன்றுக்கு நெற்றியில் வெள்ளைச் சுட்டி. செவலைக்கும் அச்சாக அப்படியே இருந்ததால் எங்கள் வீட்டில் வந்து கேட்டார்கள். அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். தாய் செத்த கன்று அது. மூங்கில் குழாயில் பால் புகட்டி வளர்த்தவள் நான்... என்னை யாரும் கேட்கவில்லை.

காலையில் கழுத்தில் மணி கட்டிக் கரையோரம் நடக்கவிட்டு எடுத்தார்கள். சமர்த்தாக நடந்தது. மத்தியானத்துக்கு மேல் டைரக்டர், கன்று ஆற்றுக்குள் இறங்க வேண்டும் என்றார். தண்ணீரில் தெரியும் மணியைப் பிடிக்கப் பாய்ந்து, வெள்ளத்தில் மாட்டி, பிழைத்து வரவேண்டுமாம். பத்துப் பன்னிரண்டு படத்தை வைத்துக்கொண்டு கொட்டகையில் ஜனத்தை எவ்வளவு நேரம் உட்கார வைப்பது என்று கேட்டார்.

நான் விடவில்லை. "பொஸ்தகத்துல அது எறங்காதுங்க. குனிஞ்சு பாத்துட்டு ஊட்டுக்குப் போயிருமுங்க."

டைரக்டர் சிரித்தார். "வாத்தியாரே, உங்க புத்தகத்துக்கு ஒரு வக்கீல் வந்திருக்காங்க."

எனக்கு நம்பிக்கை இருந்தது. கதையைப் போட்டவரே அவர்தானே. அவர் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் தீர்ந்தது. வாத்தியார் குடையை மடக்கிக்கொண்டே, "சினிமான்னா அப்படித்தான் அம்மிணி. அவிய சொல்றபடி உடு" என்றார்.

கழுத்தில் நீளக் கயிறு கட்டி, நுனியைத் தானே கரையில் பிடித்துக்கொள்வதாக அப்பா சொன்னார். டைரக்டரும் ஒத்துக்கொண்டார்.

அப்போதுதான் மாரப்பன் அப்பாவிடம் வந்தார். "ஏனுங்க, காத்தால துணி தொவச்ச கல்லு இப்ப முங்கிப்போச்சு. மேட்டூர்ல தண்ணி உட்டுட்டாங்களாட்ட இருக்குதுங்க."

வானத்தில் ஒரு பொட்டு மேகமில்லை. அணை கட்டிய பிறகு எங்கள் ஆறு அப்படித்தான்... மழையில்லாமலே ஏறும். டைரக்டர் வெயிலைப் பார்த்தார். பிலிம் ரேஷன், ஒரே தடவைதான் எடுக்க முடியும், சீக்கிரம் ஆகட்டும் என்றார்.

கேமராக்காரர் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டுக் கையசைத்தார். கயிறு தெரிகிறதாம். தெரிந்தால் தெரிந்துவிட்டுப் போகட்டும், யார் கவனிக்கப்போகிறார்கள் என்றுதான் டைரக்டர் சொன்னார். என் காதால் கேட்டேன்.

வாத்தியார்தான் பையிலிருந்து புத்தகத்தை எடுத்து விரித்தார்.

"எம்படத்துல கயிறே இல்லீங்களே. கொட்டாயில உக்கார்ற புள்ளைக பூரா இதைப் பாத்ததுக. கயிறு தெரிஞ்சா என்னையல்லங்க கேக்கும்?"

கன்று ஆற்றில் இறங்குவதும் அந்தப் புத்தகத்தில் இல்லை. அதற்கு அவர் புத்தகத்தைத் தொடவே இல்லை.

அப்பா என்னைப் பார்த்தார். குனிந்து முடிச்சை அவிழ்த்தார்.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்ளப் பார்த்தேன். வாத்தியார் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். கடித்தேன். விடவில்லை. கேமரா தையல் மிஷின் மாதிரி ஓட ஆரம்பித்தது. அப்பா கன்றின் முதுகில் தட்டிவிட்டார். செவலை முழங்கால் ஆழத்தில் நின்று திரும்பி என்னைப் பார்த்தது. இன்னும் ஓரடி வைத்தது...

கால் தரையை விட்டுவிட்டது.

தலை மட்டும் தெரிந்தது. பிறகு நெற்றிச் சுட்டி மட்டும். மணி ஒரு தரம் கேட்டது... அப்புறம் தண்ணீர்ச் சத்தம்தான். அப்பா வேட்டியோடு குதித்தார், எட்டவில்லை. மாரப்பன் பரிசலைத் தள்ளிக்கொண்டு ஆறு திரும்பும் இடம் தாண்டிப் போனார். பொழுது சாய வந்தவர் என் முகத்தைப் பார்க்காமல் பரிசலைக் கவிழ்த்து வைத்தார்.

பரமத்தி வேலூர் டெண்ட் கொட்டகையில் படத்தைப் பார்த்தேன். கன்று வெள்ளத்தில் போகும்போது பெண்பிள்ளைகள் அழுதார்கள். அடுத்தாற்போல் அது நனைந்துபோய்க் கரையேறியதும் ஒரே கைத்தட்டல். அது வேறு கன்று. நெற்றியில் சுண்ணாம்பு தடவியிருந்தது. எனக்கா தெரியாது?

இப்போதெல்லாம் படம் ஆரம்பிக்கும் முன்பே எந்த விலங்கையும் துன்புறுத்தவில்லை என்று எழுத்துப் போடுகிறார்கள். யானையைக்கூடக் கம்ப்யூட்டரில் செய்துவிடுகிறார்களாம். நல்லது... அன்றைக்கு அப்படி ஒரு வழி இருந்திருந்தால் என்று நினைத்துக்கொள்வேன்.

போன மாசம் கொள்ளுப்பேத்தி பள்ளிக்கூடத்திலிருந்து அந்தப் புத்தகத்தைக் கொண்டுவந்தாள். இப்போது கலரில் வருகிறது. படம் நன்றாக ஓடிய பிறகு வாத்தியார் ஒரு பக்கம் சேர்த்து வரைந்திருக்கிறார். நடு ஆற்றில் கன்று தலையைத் தூக்கித் திரும்பிப் பார்க்கிறது. கரையில் ஒருவரையும் போடவில்லை.

டைரக்டர் பிழைப்பைப் பார்த்தார். கேமராக்காரருக்கு எங்கள் பேச்சே புரியவில்லை. அப்பா சாகும்வரை மாட்டை ஆற்றுக்கு ஓட்டியதில்லை, அவர்மேல் எனக்குக் கோபமில்லை.

நல்லமுத்து வாத்தியாரை மன்னிக்கமாட்டேன்.