அழகரைப் பார்க்க வந்தவர்கள்

ஹந்தானைப் பக்கம் யாருக்காவது காய்ச்சல் என்றால், மருந்துக்கு முன்னால் அழகர் மாமா போய்ச் சேர்ந்துவிடுவார். கையில் ஒரு பிஸ்கட் பெட்டி இருக்கும், இல்லாவிட்டால் தோடம்பழம். கட்டிலோரம் ஒரு கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு, "என்னா, வேலைக்குப் போகக் கள்ளமா?" என்றுதான் ஆரம்பிப்பார். படுத்திருப்பவர் சிரிக்கும்வரை எழுந்திருக்க மாட்டார். கண்டி மாநகரசபையில் குழாய் பழுதுபார்க்கும் வேலை. வேலை முடிந்து சேறு காயாத காலோடு அப்படியே வந்துவிடுவார். தமிழ் வீடு, சிங்கள வீடு, முஸ்லிம் வீடு என்று பார்த்ததில்லை. சாவு விழுந்த வீட்டில் வெள்ளைக்கொடி கட்டுவதற்கும் அவர்தான் முதல் ஆள்.

ஆகவே, அவருக்கே முடியாமல் போனபோது வராமல் இருக்க யாருக்கு மனம் வரும்?

அவருடைய நோய் முதலில் எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கு ஒரு பகிடியாகத்தான் இருந்தது. நாங்கள் அடுத்த காம்பரா. நடுச்சுவர் இருந்தும் அவருடைய குறட்டை எங்கள் பாயில் வந்து படுத்துக்கொள்ளும். "அழகர் லொறி மலையேறுது" என்பார் அப்பா. பிறகு அவர் சாப்பிடும்போதே தூங்க ஆரம்பித்தார். பைப்புக் குழிக்குள் ஒருநாள் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டதை, கூட வேலை செய்தவர்கள் பார்த்துவிட்டு கிளினிக்குக்குக் கூட்டிப் போனார்கள். தூக்கத்தில் அவருக்குத் தொண்டை மூடிக்கொள்கிறது, மூச்சு நின்று நின்று வருகிறது, அதனால் இருதயம் பெருத்துப் போயிருக்கிறது என்றார் டொக்டர். குறட்டையைவிட அது நிற்கிற நேரந்தான் பயம் என்று மாமாவின் மனைவி கமலம் அத்தையிடம் தனியாகச் சொன்னாராம். அன்றிலிருந்து அத்தைக்குத் தூக்கம் போனது. புருஷன் சத்தமில்லாமல் கிடந்தால் உடனே எழுப்பிவிடுவார்.

டொக்டர் வாங்கச் சொன்ன மூச்சு மெஷினை, கொழும்பில் வேலை செய்யும் மகன் சுதேஷ்தான் கொண்டுவந்தான். செங்கல் அளவில் ஒரு பெட்டி, அதிலிருந்து ஒரு குழாய், முடிவில் மூக்கையும் வாயையும் மூடும் ஒரு கவசம். தூங்கும்போது காற்றைத் தள்ளித் தள்ளித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். ஆங்கிலத்தில் இருந்த விளக்கத்தைப் படித்துச் சொன்னது நான்தான். எங்கள் லயத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள் நான். பேராதனைப் பல்கலைக்கழகத்தில் படித்தேன் என்று சொல்ல எனக்குக் கூச்சம் கிடையாது.

முதல் நாள் மாமா அதை மாட்டியதும் ஜன்னலில் நின்ற பிள்ளைகள், கண்டி ஊர்வலத்தில் முகப்படாம் கட்டி வரும் யானையைக் கண்டதுபோல், "பெரஹரா ஆனை!" என்று கத்தினார்கள். மாமா குழாயைத் தும்பிக்கை மாதிரித் தூக்கி ஆட்டினார். ஆனால் அந்த மெஷின் அவருக்கு உயிரைத் திருப்பிக் கொடுத்தது. முகத்தில் வீக்கம் வற்றியது. படியேறும்போது பாட்டுக்கூட வந்தது. நோயாளிகளைப் பார்க்கவும் மறுபடி கிளம்பிவிட்டார்.

இந்த வருஷ மழையில் சளியும் காய்ச்சலும் வந்து நெஞ்சில் இறங்கின. டொக்டர் மாத்திரை கொடுத்துவிட்டு ஒன்றைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார். வீட்டில் இருக்கலாம், ஆனால் பகலோ இரவோ, கண்ணை மூடினால் மெஷின் போட்டிருக்க வேண்டும். இந்தச் சளியோடு மெஷின் இல்லாமல் தூங்கினால் இருதயம் தாங்காது.

சொல்வது லேசு. அடைத்த மூக்கில் காற்று மோதினால் காதுக்குள் வலிக்கும். இருமல் வந்தால் கவசத்தைப் பிடுங்க வேண்டும், துப்ப வேண்டும், துடைக்க வேண்டும், மறுபடி தலைக்குப் பின்னால் வாரை இழுத்து மாட்ட வேண்டும். கொஞ்சம் விலகினால் காற்று கண்ணுக்குள் அடிக்கும். வாய் வறண்டு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். அத்தை ஆவி பிடிக்க வைப்பார், உப்புத் தண்ணியால் மூக்கைக் கழுவச் செய்வார், தலையணைகளை அடுக்கிச் சாய்த்து வைப்பார், ஆறவைத்த தண்ணீரை மெஷினில் ஊற்றுவார். இத்தனையும் முடிந்து, மாமா காற்றோடு மல்லுக்கட்டி ஒருவழியாகக் கண்ணயரும்போது வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்.

"அழகர் அண்ணனுக்கு முடியலையாமே?"

மாமா உடனே கவசத்தைக் கழற்றித் தலையணைக்கடியில் திணித்துவிட்டு எழுந்து உட்காருவார். பார்க்க வந்தவர்கள் முன்னால் மூஞ்சியை மூடிக்கொண்டு கிடப்பது அவரால் முடியாத காரியம். "வாங்க, வாங்க. ஒண்ணுமில்ல, சும்மா சளி." அவர்கள் போவார்கள், மறுபடி ஆவி, உப்புத் தண்ணி, வார். கண்ணயரும்போது இன்னொரு குடும்பம் படியேறும். ஒருவரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவர் கட்டிலோரத்திலும் அவர் ஒருநாள் உட்கார்ந்திருந்தார், அவ்வளவுதான்.

மாமாவின் உதடு நீலம் பாரித்திருந்தது. பேசிக்கொண்டிருக்கும்போதே பேச்சு எங்கேயோ விழுந்துவிடும். அத்தை என்னிடம் வந்து அழுதார்.

"நீ படிச்ச புள்ள, சொன்னா கேப்பாங்க. கொஞ்சம் வாசல்ல நில்லுய்யா. என்னால வந்தவங்கள போங்கன்னு சொல்ல முடியுமா?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா வீட்டு வாசல் இஸ்தோப்பில் நின்றுகொண்டேன். முதலில் வந்தவர் பொன்னுத்துரை ஐயா. யாழ்ப்பாணத்துக்காரர், மாநகரசபையில் மாமாவுக்கு மேலே கிளாக்கராக இருந்து ஓய்வு பெற்றவர். குண்டசாலையிலிருந்து ஓட்டோ பிடித்து வந்திருந்தார். நான் தொண்டை, மூச்சு, இருதயம் என்று ஒழுங்காக விளக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவைத்துக்கொண்டு முழுவதையும் கேட்டார்.

"ஓம் தம்பி, வடிவா விளங்குது. ஆக்களை விடாதேங்கோ, அதுதான் சரி. நான் கனநேரம் இருக்கமாட்டன், ஒருக்கா முகத்தைப் பாத்திட்டு வாறன்." என் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனார்.

அடுத்து மாமாவின் தங்கை பேச்சாயி, கடுகண்ணாவையிலிருந்து. நான் வாயைத் திறப்பதற்குள், "எங்கண்ணனப் பாக்க எனக்கு ஒன்கிட்ட டிக்கட் எடுக்கணுமோ?" என்று என்னைத் தள்ளிக்கொண்டு நுழைந்தார். அவருக்குப் பின்னால் லயத்துக்காரர்களும் நாலைந்து பேர்.

அன்றைக்கு மாமாவுக்குக் கவசத்தைக் கழற்றத் தெம்பில்லை. மாட்டியபடியே கிடந்தார். அத்தையும் கழற்ற விடாமல் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். பார்த்த மாத்திரத்தில் பேச்சாயி நெஞ்சில் அடித்துக்கொண்டார்.

"ஐயோ! ஒக்சிஜன் வச்சிட்டாங்களே!"

"ஒக்சிஜன் இல்ல மதினி, சும்மா காத்துதான்" என்றார் அத்தை. யார் கேட்டார்கள்? கொரோனா காலத்தில் எங்கள் லயத்திலிருந்து மூக்கையும் வாயையும் மூடி ஆம்புலன்ஸில் ஏற்றிப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அன்றிலிருந்து இந்த மலையில் கவசம் என்றால் அர்த்தம் ஒன்றுதான்.

கட்டிலைச் சுற்றி உட்கார்ந்துகொண்டார்கள். மாமா கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ஆனாலும் அவருக்குக் கேட்காது என்று எப்படியோ எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள்.

"எங்காத்தா செத்தப்போ எனக்கு வெவரந் தெரியாது. எங்கண்ணந்தான் என்னிய வளத்துச்சு. எனக்குத் தலைவாரி சடை பின்னுன கையி இது" என்று பேச்சாயி மாமாவின் கையைத் தடவினார்.

"என்ர மனுசி ஆசுப்பத்திரியிலை கிடந்த மட்டும் இவர் வராத பின்னேரம் இல்லை" என்றார் ஐயா. "சாகப்போற ஆளையும் சிரிக்க வைச்சவர். நல்ல மனுசனா இருந்தவர்."

இருந்தவர். அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார்.

மாமா ஏதோ சொல்லப் பார்த்தார். வாயைத் திறந்ததும் கவசத்துக்குள் காற்று சீறிப் பேச்சை அடித்துக்கொண்டு போனது. அந்தச் சத்தத்தைக் கேட்டு ஒருத்தி, "இழுக்குது, இழுக்குது" என்று எழுந்துவிட்டாள். மூலையில் நின்ற எனக்கு, ஓர் ஆளை உயிரோடு வைத்துக்கொண்டே அவன் வாழ்க்கையைச் சொல்லி முடிக்கிறார்களே என்று இருந்தது. நான் விளக்கம் சொல்ல வாயெடுத்தேன். "சும்மா இரு தம்பி" என்று யாரோ அடக்கினார்கள்.

"இவ்வளவு கஷ்டத்திலையும் ஒரு துளி சாராயம் தொடாத பிறவி" என்றார் பொன்னுத்துரை ஐயா.

மாமா வாரைப் பிடித்து இழுத்துக் கவசத்தைக் கழற்றினார். மூச்சு வாங்கிக்கொண்டே, "யாரு... யாரு தொடாதவன்? ஐயா, ஒங்க வீட்டுக் குழாய் ஒடஞ்ச அன்னைக்கு ஊத்திக் குடுத்தது நீங்கதானே! வீட்டம்மா கோயிலுக்குப் போயிருந்தாங்களே!" என்றார்.

ஒரு கணம் யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. பிறகு அந்தக் காம்பரா முழுக்கச் சிரிப்பு. ஐயா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "ஓம், ஓம், அது மருந்துக்குத்தானே தந்தனான்" என்றார். பேச்சாயி அழுதுகொண்டே சிரித்தார்.

"பாத்தீங்களா, அந்தச் சனியன கழட்டினதும் எங்கண்ணன் மூஞ்சி வந்துருச்சு! மதினி, இத மாட்டி மாட்டித்தான் மனுசன படுக்கையில போட்டுட்டீங்க."

குழாயைச் சுருட்டி, பெட்டியோடு அலுமாரிக்கு மேலே தூக்கி வைத்துவிட்டார். அத்தை என்னைப் பார்த்தார். நான் மாமாவிடம் குனிந்து, "மாமா, டொக்டர் என்ன சொன்னாரு? இவங்கள வெளிய போகச் சொல்றேன், நீங்க மாட்டிக்கிட்டு படுங்க" என்றேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். கை ஜில்லென்று இருந்தது.

"விடுய்யா. அத மாட்டிக்கிட்டா எல்லாரும் அழுவுறாங்க. அத பாத்துக்கிட்டு எப்படிக் கெடக்குறது? கழட்டினா சிரிக்கிறாங்கள்ல."

"அப்புறம் ஒங்க மூச்சு?"

அவர் எழுந்து உட்காரக் கைகொடுக்கச் சொன்னார்.

கதிரையில் உட்காரவைத்தோம். பிளேன்டீ போட அத்தை உள்ளே போனார். மாமா ஐயாவின் வீட்டுக் கதையை மறுபடி ஆரம்பித்தார். பாதியில் தலை சாய்ந்தது. குறட்டை கிளம்பியது. "பழைய லொறி!" என்று ஒருவர் மெல்லச் சொல்ல, மற்றவர்கள் வாய்பொத்திச் சிரித்தார்கள். பிறகு குறட்டை நின்றது.

"அப்பாடா, நல்ல தூக்கம்" என்றார் பேச்சாயி. எல்லோரும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்கள்.

அத்தை தட்டோடு ஓடிவந்தார். தட்டை வைத்த வேகத்தில் டீ சிந்தியது. மாமாவின் தோளைப் பிடித்து உலுக்கினார். ஒன்றுமில்லை. இன்னும் பலமாக உலுக்கினார். மாமா தண்ணீருக்குள்ளிருந்து வருபவர்போல் வாயைப் பிளந்து காற்றை இழுத்தார்.

"தூங்குற மனுசன எதுக்கு மதினி எழுப்புறீங்க? பாவமில்லையா?" என்றார் பேச்சாயி.

அத்தை கதிரைக்குப் பின்னால் போய், புருஷனின் தோளில் கையை வைத்தபடி நின்றுகொண்டார். மாமா எங்கே இருக்கிறோம் என்று தெரியாதவர்போல் சுற்றிப் பார்த்தார். பிறகு முகத்தில் சிரிப்பை வரவழைத்துக்கொண்டு, "டீ குடிச்சீங்களா?" என்று கேட்டார்.

வெளியே குடைகளை மடக்கும் சத்தம் கேட்டது. கீழ் லயத்துக்காரர்கள், பிள்ளைகுட்டியோடு.

"கதிரை எடுத்துப் போடுய்யா" என்றார் மாமா.

எங்கள் காம்பராவிலிருந்து கதிரையைத் தூக்கிக்கொண்டு வந்து போட்டேன்.