ஜெபமணி அக்கா சொல்லாமல் நின்ற வரி

கம்பெனி மாடியில் மதியச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. நம் ஆலயப் பணிவிடைக்காரரின் மனைவி பேசினார். ஜெபமணி அக்கா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார் என்றார். எனக்கு அழுகை வருவதற்கு முன்னால், அந்த நித்திரை என்ற சொல்லுக்கு அக்கா கொடுத்த விளக்கம்தான் நினைவுக்கு வந்தது. தம் சிநேகிதன் லாசரு நித்திரையாயிருக்கிறான் என்று இயேசு சொன்னதும் சீஷர்கள் தூக்கம் என்றே எண்ணிக்கொண்டார்கள். அதனால் அவன் மரித்துவிட்டான் என்று அவரே வெளிப்படையாகச் சொல்ல வேண்டியிருந்தது. "செத்ததச் செத்ததுன்னு சொல்லணும்ட்டி. இல்லன்னா உயிர்த்தெழுதல்னு நாம சொல்லுததுக்கு என்ன அர்த்தம் இருக்கு?" என்று அக்கா வகுப்பில் கேட்பார். ஆகவே அவருக்குப் பிடித்தபடியே எழுதுகிறேன். ஜெபமணி அக்கா செத்துப்போனார்.

திருப்பூர் நெருப்பெரிச்சல் பகுதியில் தகரக் கூரை போட்ட நம் சபையில், ஞானஸ்நானம் பெற வருகிற பெரியவர்களுக்கு ஞாயிறு மதியம் வேதபாடம் நடத்தியவர் அவர். வார நாட்களில் பனியன் கம்பெனியில், தைத்ததைச் சரிபார்க்கும் செக்கிங் வேலை. தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து, கணவர் இறந்த பிறகு, மகன் ஸ்டீபனைக் கூட்டிக்கொண்டு திருப்பூர் வந்தவர். நான் பொங்கலூர்த் தோட்டத்துக் குடும்பத்தில் பிறந்தவள். வேதத்தைப் பற்றி ஒன்றும் தெரியாமல், நாற்பது வயதில், வீட்டில் எல்லோருடைய கோபத்தையும் வாங்கிக்கொண்டு அந்த வகுப்புக்குப் போனேன்.

முதல் நாளே ஒன்று கேட்டேன். "ஏனுங்கக்கா, எத்தன தடவ ஜெபம் பண்ணுனா ஆண்டவர் மன்னிப்பாருங்க?" யாரும் சிரிக்கவில்லை, ஏனென்றால் எல்லோருக்கும் அதே சந்தேகம் இருந்தது. அக்கா என்னை நேராகப் பார்த்தார். "இத்தன பீசுக்கு இவ்வளவுன்னு பீஸ் ரேட்டுல வாங்குனா அது கூலி. கிருபைக்குப் பீஸ் ரேட் கெடையாது. நீ ஒண்ணும் செய்யாம இருக்கும்போதே அவர் செஞ்சு முடிச்சிட்டாரு, அவ்வளவுதான்." பவுல் ரோமருக்கு எழுதியதை அதன் பிறகுதான் எடுத்து வாசிக்கச் சொன்னார். அன்றைக்கு எனக்குள் ஏதோ ஒன்று அவிழ்ந்தது.

அதற்கு அடுத்த வருடம் ஸ்டீபன் இறந்தான். சாயப்பட்டறையில் வேலை பார்த்தவன். கழிவுநீர்த் தொட்டியைச் சுத்தம் செய்ய இறக்கிவிட்டிருக்கிறார்கள். முகமூடி கிடையாது, கயிறு கிடையாது. விஷவாயு தாக்கி உள்ளேயே விழுந்துவிட்டான். இறங்கச் சொன்ன சூப்பர்வைசர் மனோகர் நம் சபைக்காரர், தாராபுரத்திலிருந்து வந்து இங்கே குடியிருந்தவர். ஒவ்வொரு ஞாயிறும் அக்காவுக்கு இரண்டு வரிசை பின்னால் உட்கார்ந்தவர்.

துக்க வீட்டில் சபை மூப்பர் ஒருவர் ஆறுதலாகப் பேசினார். தேவன் தம் தோட்டத்துக்கு நல்ல பூவாகப் பார்த்துப் பறித்துக்கொண்டார் என்றார். அதுவரை சுவரில் சாய்ந்து கிடந்த அக்கா எழுந்து உட்கார்ந்தார்.

"ஐயா, அப்படிச் சொல்லாதீங்க. சாவ சத்துருன்னுதான் வேதம் சொல்லுது, கடைசிச் சத்துருன்னு. சத்துரு செஞ்சத ஆண்டவர் தலையில வைக்காதீங்க. லாசரு கல்லறையில அவரே நின்னு அழுதாரு."

அதன் பிறகு அந்த வீட்டில் யாரும் போதிக்கவில்லை. பெண்கள் நாங்கள் சும்மா உட்கார்ந்து அழுதோம்.

இரண்டு வாரத்தில் அக்கா ஆலயத்துக்கு வந்தார், வகுப்பும் எடுத்தார். ஆனால் இயேசு கற்றுக்கொடுத்த பரமண்டல ஜெபத்தில் ஓரிடம் வந்தால் அவர் வாய் நின்றுவிடும். பிறருக்கு மன்னிப்பதுபோல் எங்களுக்கும் மன்னியும் என்று சபை முழுதும் சொல்லும்போது, பக்கத்தில் நிற்கும் எனக்கு அவர் குரல் மட்டும் கேட்காது. அடுத்த வரியில் மறுபடி சேர்ந்துகொள்வார். ஒருநாள் அவரே சொன்னார்: "பொய் சொல்லி ஜெபிக்க முடியலட்டி. சொல்ல ஆசை இருக்குன்னு மட்டும் அவர்ட்ட சொல்லி வச்சிருக்கேன்."

காவல் நிலையத்தில் அக்கா கொடுத்திருந்த புகாரைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்படி மூப்பர்கள் வந்து பேசினார்கள். ஸ்டீபன் தானாகவே இறங்கினான் என்று பட்டறையில் எழுதிக் கொடுத்திருந்தார்கள், மனோகரும் அதையே சொல்லியிருந்தார். மூப்பர்களோ, கிறிஸ்தவர்கள் கோர்ட்டுக்குப் போகலாமா, மன்னிக்கத்தானே வேதம் சொல்கிறது என்று கேட்டார்கள். அக்கா அவர்களுக்குத் தண்ணீர் கொடுத்து உட்காரவைத்துத்தான் பதில் சொன்னார். "சிலுவையில ஆண்டவர் பாவத்த மூடி மறைக்கல. ஊரறியத் தூக்கிக் காட்டி, அதுக்கு வெல குடுத்தாரு. மறைச்சிட்டு மன்னிச்சேன்னு சொன்னா அது மன்னிப்பு இல்ல ஐயா." அவர்கள் வருத்தத்தோடு போனார்கள். சிலர் அவரிடம் பேசுவதையும் நிறுத்தினார்கள். வகுப்புக்கு வருகிறவர்கள் குறைந்து, சில ஞாயிறுகளில் நானும் அவரும் மட்டும் இருந்தோம். அப்போதும் பாடத்தை முழுதாக நடத்தினார்.

பிறகு அவருக்கே வயிற்றில் புற்றுநோய் வந்தது. கண்டுபிடித்தபோது முற்றிப்போயிருந்தது. அரசு மருத்துவமனையில் நான் கூட இருந்த ஒரு சாயங்காலம் மனோகர் வந்து வார்டு வாசலில் நின்றார். உள்ளே வரவும் இல்லை, போகவும் இல்லை. அக்காதான் பார்த்து, "வாங்க தம்பி" என்றார்.

வந்து கட்டில் ஓரத்தில் நின்றார். நலம் விசாரிக்க வாயெடுத்தவரை அக்கா தடுத்து, ஒன்றே ஒன்று கேட்டார். உள்ளே விஷவாயு இருக்கும் என்று தெரியுமா?

மனோகர் சொன்னார். "தெரியும்ங்கக்கா. அதிகாரிங்க இன்ஸ்பெக்சனுக்கு வர்றதுக்கு முன்னால முடிக்கணும்னு மொதலாளி சொன்னாருங்க. அவன் வேண்டாம்னுதான் சொன்னான். நாந்தான் எறங்குடான்னு சொன்னனுங்க."

அக்கா கண்ணை மூடிக்கொண்டார். கட்டிலின் இரும்புச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். நான் மனோகரை வெளியே போகச் சொல்லலாம் என்று எழுந்தேன். அதற்குள் அக்கா பரமண்டல ஜெபத்தைச் சொல்ல ஆரம்பித்துவிட்டார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். அந்த வரி வந்தது. அக்கா அதை முழுதாக, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார். மனோகரால்தான் சொல்ல முடியவில்லை. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

அவர் போகும்போது அக்கா சொன்னது: "எங்கிட்ட சொன்னத அங்கயும் போய்ச் சொல்லுங்க தம்பி." மனோகர் காவல் நிலையத்துக்குப் போய்ச் சொன்னார். வேலை போயிற்று. அவர்மீதும் முதலாளிமீதும் வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. முடிவைப் பார்க்க அக்கா இல்லை. மன்னித்த பிறகு அவருக்கு வலி குறைந்தது என்று எழுத எனக்கு ஆசைதான், ஆனால் குறையவில்லை. கடைசி நாட்களில் ஸ்டீபன் பெயரைச் சொல்லிச் சொல்லி அழுதார். விசுவாசம் இருந்தால் இப்படி அழுவாரா என்று ஒருவர் என் காதுபடக் கேட்டார். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனேயில் ஆண்டவர் எப்படி ஜெபித்தார் என்று படித்துப் பாருங்கள் என்று மட்டும் சொன்னேன்.

அடக்கத்தன்று மழை. குழிக்குள் தண்ணீர் ஊறிக்கொண்டே இருந்தது, இறைத்து இறைத்துத்தான் பெட்டியை இறக்கினோம். மூப்பர்களும் வந்திருந்தார்கள். மண் போட மனோகர் கடைசியாக வந்தார்.

இப்போது அந்த வகுப்பை நான் நடத்துகிறேன். அக்கா என்னிடம் கண்டிப்பாகச் சொன்ன ஒன்று உண்டு: "வேதத்துல இல்லாத ஆறுதல யாருக்கும் குடுக்காதட்டி. அது அவுங்களுக்கு ஒரு வாரம்கூடத் தாங்காது." போன ஞாயிறு, பிறந்த அன்றே குழந்தையைப் பறிகொடுத்த ஒரு பெண் வந்திருந்தாள். ஆண்டவர் ஏன் எடுத்துக்கொண்டார் என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தெரியவில்லை கண்ணு என்றே சொன்னேன். அப்புறம் பாடத்தை மூடிவைத்துவிட்டு, அவள் எழுந்திருக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அக்காவிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இதுதான்.