எதிர்ப்பக்கத்துக் குழாய்

அவள் கன்னத்தைத்தான் எனக்குப் பிடிக்காமல் போயிற்று. என் ஓர்ப்படி, கொழுந்தனைக் கட்டிக்கொண்டு எங்கள் மந்தைவெளி வீட்டுக்கு வந்தவள். யுத்தம் முடிந்திருந்தது, ரேஷன் முடியவில்லை. நாற்றமடிக்கும் அரிசியைப் பொங்கித் தின்று ஊரே வெளுத்துக் கிடக்க, அவள் மட்டும் வருஷத்துக்கு வருஷம் சிவந்தாள். உதடு சிவந்தது, உள்ளங்கை சிவந்தது, கண்ணின் வெள்ளைகூடச் சிவந்தது.

"ஓர்ப்படிக்குக் குங்குமப்பூ கரைச்சுக் குடுக்கறேளா?" குளத்தங்கரையில் பூ வாங்கும்போது என்னிடமே கேட்பார்கள். இரண்டு பிரசவத்தில் வற்றிப்போய், மாடிப்படி ஏறினால் மூச்சிரைக்கிற என்னிடம்.

மாமியார் வேறு. "சாப்பிடறது உடம்புல ஒட்டணும்டி. அவளைப் பாரு."

பார்த்தேன். காலையில், விளக்கொளியில், அடுப்பனலில். வேறு வேலை இல்லாதவள் மாதிரி பார்த்தேன்.

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு அவள் நழுவுவாள். "வெந்நீர் பட்டா உடம்பெல்லாம் ஊசி குத்தறது, மன்னி."

"கரைஞ்சு போயிடுமோன்னு பயமாக்கும்."

அதற்கும் சிரித்தாள். கோபம்கூட அவளிடமிருந்து எனக்குக் கிடைக்கவில்லை.

ஒருநாள் எனக்கு மயக்கம் வந்து டாக்டரை அழைத்தார்கள். சாந்தோமிலிருந்து சைக்கிளில் வருகிறவர். என் கண்ணிமையை இழுத்துப் பார்த்து, ரத்தசோகை, லிவர் ஊசி போட வேண்டும் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அப்போது அவள் காபியை நீட்டினாள். அவர் டம்ளரை வாங்கவில்லை. அதைப் பிடித்திருந்த கையைப் பார்த்தார்.

"கையைக் காட்டும்மா. குளிச்சா அரிக்குதா? தலை பாரமா இருக்குமா?" இடது விலாவுக்குக் கீழே அழுத்தினார். "மண்ணீரல் பெருத்திருக்கு. ரெண்டு பேரும் நாளைக்கு வாங்க."

என் நோய் பாதியில் நின்றது. எனக்காக வந்த டாக்டரையும் அவள் எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் லஸ்ஸில் டாக்டரின் டிஸ்பென்சரி வாசலில் இறங்கும்போது ரிக்‌ஷாக்காரர் எனக்குக் கை கொடுத்தார். "பாத்து எறங்கும்மா. சீக்கு உனக்குத்தானே? அந்தம்மா சோக்காக் கீது."

உள்ளே கையால் சுற்றும் ஒரு யந்திரம். இருவர் ரத்தத்தையும் உறையாமல் மருந்து கலந்து கண்ணாடிக் குழாய்களில் ஊற்றினார் டாக்டர். "ஒரு பக்கம் மட்டும் பாரம் இருந்தா மெஷின் ஆடும். அவங்களுக்கு எதிர்ப்பக்கத்துல உங்களை வைக்கறேன்மா."

இத்தனை வருஷமும் வீட்டில் நான் சுற்றியதும் அப்படித்தான்.

யந்திரம் நின்றது. என் குழாயின் அடியில் கொஞ்சம் சிவப்பு, மேலெல்லாம் மஞ்சள் தண்ணீர். அவளுடையதில் கிட்டத்தட்ட விளிம்புவரை சிவப்பு. இதிலும் அவளுக்குத்தான் நிறைய என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

"நிறைய இருக்கறதுதான் சீக்கு," என்றார் டாக்டர். "எலும்புக்குள்ள ரத்தம் ஊறுற இடத்துக்கு நிறுத்தத் தெரியலை. ரொம்ப அபூர்வம். ரத்தப் புற்றுக்குப் பங்காளின்னு வெச்சுக்கங்க. ரத்தம் கெட்டியாகி எங்கேயாவது அடைச்சா உயிருக்கு ஆபத்து. அப்பப்போ எடுத்துக் கொட்டணும்." பெரியாஸ்பத்திரியில் அவள் மார்பெலும்பில் ஊசியிறக்கிப் பார்த்தவர்களும் அதையேதான் சொன்னார்கள்.

அங்கே முதன்முதலாக ரத்தம் எடுத்தபோது, படுத்தபடியே கேட்டாள். "கொட்டுவானேன்? மன்னிக்கு ஏத்திடலாமோன்னோ. அவாளுக்குத்தான் இல்லையே."

"சீக்கு ரத்தம்மா. யாருக்கும் ஆகாது."

பாட்டிலைத் தொட்டியில் கவிழ்த்துக் குழாயைத் திறந்துவிட்டார்கள். நான் அந்த நிறத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். கொடுக்கத் தோன்றியதே அவளுக்கு, அதற்கும் பொறாமைப்பட்டேன்.

வெளுத்த முகத்தோடு அவள் வீடு வந்ததும் மாமியார் அழுதாள். நான் வெளுத்ததற்கு யாரும் அழுததில்லை.

மறுபடி எப்போது ரத்தம் எடுக்க வேண்டும் என்று டாக்டரைக் கேட்டேன். "முகம் சிவக்க ஆரம்பிச்சா உடனே கூட்டிட்டு வாங்க. கூடவே இருக்கறவங்க கண்ணுக்குத்தான் அது தெரியும்."

அவள் கணவருக்குத் தெரியவில்லை. மாமியாருக்குத் தெரியவில்லை. அந்தச் சிவப்பின் ஒவ்வொரு படியும் எனக்கு மனப்பாடம். தினமும் காலையில் அடுக்களை ஜன்னலோரம் கையை விரித்து நிற்பாள். "பாருங்கோ, மன்னி."

ரோஜா நிறம் ஏறத் தொடங்கிய அன்று அடிவயிற்றில் அதே பழைய எரிச்சல் எழும். அது எழுந்தால் போதும், எனக்கு வேறு அடையாளம் வேண்டாம்.

"செவந்துண்டு வரதுடி. புடவையை மாத்திண்டு கிளம்பு."