இடி இடித்தால் முதலில் பேட்டரி

அகல்யாவுக்கு என்ன வேலை என்று கொரட்டூரில் யாருக்கும் சரியாகத் தெரியாது. நர்ஸ் என்று தெரியும். அதனால் மாடிவீட்டு மங்களம் அக்கா பிரஷர் பார்க்கச் சொல்லி அடிக்கடி கையை நீட்டிக்கொண்டு வருவார். தான் பார்த்துக்கொள்ளும் பிள்ளைகளுக்கு நாடியே கிடையாது என்று ஒருநாள் அகல்யா சொல்லிவிட்டாள். அக்கா கையை இழுத்துக்கொண்டு மாடிக்குப் போய்விட்டார்.

சொன்னது உண்மைதான். இதயம் பழுதாகி, மாற்று இதயத்துக்குக் காத்திருக்கும் பிள்ளைகள் அவர்கள். நெஞ்சுக்குள் வைத்த சின்ன பம்ப், குழாய்த் தண்ணீர் மாதிரி ரத்தத்தை விடாமல் தள்ளிக்கொண்டிருக்கும். கையைப் பிடித்தால் துடிப்பு அகப்படாது. பிள்ளை மட்டும் இட்லி வேண்டாம், பூரிதான் வேண்டும் என்று அழும். வயிற்றிலிருந்து ஒரு ஒயர் வெளியே வந்து, இடுப்பில் கட்டிய பெட்டியில் சேரும். பெட்டிக்கு இரண்டு பேட்டரி. படுத்திருக்கும்போது பேட்டரியைக் கழற்றிவிட்டுச் சுவர் பிளக்கில் மாட்டலாம். ஒயர் வெளிவரும் இடத்தில் சீழ் பிடிக்காமல் கட்டு மாற்றுவது அகல்யாவின் வேலை. அதைவிடப் பெரிய வேலை, இதையெல்லாம் அம்மாக்களுக்குக் கற்றுக்கொடுப்பது.

ஆவடி நிஷாவுக்குப் பன்னிரண்டு வயது. ஒரு காய்ச்சலில் இதயம் கெட்டுப்போய் வந்தவள், பம்ப் வைத்தபின் தேறி, வார்டையே விரட்டிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் போக வேண்டும், அவ்வளவுதான். மாற்று இதயம் எப்போது வரும் என்று யாராலும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்தும் காத்திருக்கலாம். ஆனால் அதற்கு அவள் அம்மா சரசா பாஸாக வேண்டும்.

சரசா அம்பத்தூர் எஸ்டேட்டில் சட்டைக் காலர் தைப்பவள். கை வேகம். பேட்டரி மாற்றும்போது ஒன்றைக் கழற்றி மாட்டிய பிறகுதான் அடுத்ததைத் தொட வேண்டும் என்பதை ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். கரண்ட் போனால் என்ன செய்வது என்பதையும் தடங்கலில்லாமல் ஒப்பித்தாள். கடைசிப் பரீட்சையாக அம்மாவையும் மகளையும் தனி அறையில் விட்டார்கள். அங்கே நர்ஸ் வரமாட்டாள், வீட்டில் இருப்பதுபோலவே இருக்க வேண்டும்.

இரண்டாம் நாள் மத்தியானம் வானம் கறுத்தது. நிஷா சுவர் பிளக்கில் மாட்டிக்கொண்டு படுத்திருந்தாள். பெரிதாக ஓர் இடி விழுந்தது. உடனே அறைக்குள் பெட்டி வீரிட்டது. அகல்யா ஓடிப்போய்ப் பார்த்தபோது, சரசா பிடுங்கிய பிளக்கைக் கையில் வைத்துக்கொண்டு நிம்மதியாக நின்றிருந்தாள்.

"இடி இடிக்குதுல்ல சிஸ்டர். மிசினு பூடுமேன்னு புடுங்கிட்டேன். போன வருசம் எங்கூட்டு டிவி அப்பிடித்தான் பூட்ச்சி."

அகல்யா முதலில் பேட்டரிகளை மாட்டினாள். பெட்டிக்குள் இருக்கும் அவசர பேட்டரி கொஞ்ச நேரம் தாங்கும் என்பதால் நிஷாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. வீட்டில் அது தீரும்வரை யாரும் கவனிக்காமல் இருந்தால் ஆகியிருக்கும்.

டாக்டர் ராகவன் கோபப்படவில்லை. மாற்று இதயம் வரும்வரை பிள்ளை இங்கேயே இருக்கட்டும் என்று மட்டும் சொன்னார். அதைக் கேட்டு நிஷா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். பூரி வந்தது. தொடவில்லை.

மறுநாள் அகல்யா டாக்டரிடம் போய் நின்றாள். கரண்ட் போனால் என்ன செய்வது என்று தான் சொல்லிக்கொடுத்ததையும், கரண்ட்டை நாமே பிடுங்குவோம் என்பது தனக்குத் தோன்றாமல் போனதையும் சொன்னாள்.

"உங்க வீட்டுல இடி இடிச்சா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டார் டாக்டர். கேலியா என்று தெரியவில்லை.

"ஃபிரிட்ஜைப் பிடுங்குவேன் சார்."

தன் வீட்டிலும் அதுதான் நடக்கிறது என்று ஒப்புக்கொண்டு, அவர் இன்னொரு வாய்ப்புக் கொடுத்தார்.

பிடுங்காதே என்று சொன்னால் சரசா கேட்பாள். இடி விழுந்ததும் கை கேட்காது. அதனால் அகல்யா பிடுங்கச் சொன்னாள். முதலில் ஒரு பேட்டரி, பிறகு மற்றது, அதன் பிறகு பிளக். அதையே திரும்பத் திரும்பச் செய்ய வைத்தாள். ஆனால் இடி இல்லாமல் என்ன பரீட்சை? அன்று முதல் வார்டு முழுக்க வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. செக்யூரிட்டி இருதயராஜ் போகிறபோதெல்லாம், சென்னீர்குப்பம் பக்கம் மூட்டமாக இருக்கிறது என்று பொய்ச் சேதி சொல்லிவிட்டுப் போனார்.

ஒருவழியாக ஒரு சாயங்காலம் இடித்தது. சரசாவின் கை நேரே பிளக்குக்குத்தான் போனது. பாதியில் நின்றது. கதவுக் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்த அகல்யா உள்ளே போகவில்லை. சரசா திரும்பிப் பையைத் திறந்தாள். ஒரு பேட்டரி. இன்னொன்று. பிறகு பிளக்கை ஆத்திரம் தீரப் பிடுங்கிப் போட்டாள்.

வெள்ளிக்கிழமை நிஷா வீட்டுக்குப் போனாள். மழைக்காலம் தொடங்கியது. இடிச் சத்தம் கேட்டால் அகல்யா அடுப்பை அணைத்துவிட்டுப் போனை எடுத்து வைத்துக்கொள்வாள். "மாத்திட்டேன் சிஸ்டர்" என்று சரசா சொல்லும்வரை வீட்டில் யாரும் அவளிடம் பேசக் கூடாது.

ஒருநாள் நிஷாவே பேசினாள். "சிஸ்டர், இப்ப இடிச்சது உங்கூட்டாண்டயா, எங்கூட்டாண்டயா?"

"எங்க இடிச்சா என்ன, மாத்திட்டீங்களா?"

"அம்மா மாத்தினப்புறம்தான் போனையே குடுத்துச்சு."

அகல்யா எழுந்து போய் ஃபிரிட்ஜைப் பிடுங்கினாள்.