ஹாதி பாயின் வாடை

டீக் கிளாஸைக் கீழே வைத்த கையோடு அப்துல் ஹாதியின் வலது கை சட்டைப் பைக்குப் போகிறது. இரண்டு விரல் உள்ளே நுழைந்து துழாவுகிறது. அகப்படுவது ஒரு கிராம்பு. அதை வாயில் போடாமல் உதட்டு ஓரத்தில் செருகிக்கொண்டு, தீப்பெட்டிக்காக இடது கை இடுப்பைத் தடவத் தொடங்கும்போதுதான் அவருக்கு நினைவு வருகிறது. "அட எழவே" என்று கிராம்பை உள்ளே தள்ளிக் கடிக்கிறார்.

எதிர் பெஞ்சில் இருக்கும் பொன்னழகு சிரிப்பை மறைக்க, ஆறிப்போன டீயை ஊதுகிறார். "பேரன் பொறந்து நாப்பது நாளும் கழிஞ்சிருச்சு. கை இன்னும் மறக்கலையா பாய்?"

"சிரிக்கணும்னா சிரிச்சுரு அப்பு. எனக்கே சிரிப்பா வருது. அழுகையாவும் வருது. எதுன்னுதான் தெரியல."

திண்டுக்கல் பேகம்பூர்ப் பக்கம் ஒரு தோல் மண்டியில் ரகம் பிரிப்பவர் ஹாதி. உப்புப் போட்ட ஆட்டுத்தோல் கட்டுக் கட்டாக வந்து இறங்கும். பொன்னழகு பிரித்துப் போட, ஹாதி ஒவ்வொன்றாக விரித்து உள்ளங்கையால் ஒரு தடவு தடவுவார். கத்திக்கீறல் இருந்தால் இடப்பக்கம், இல்லாவிட்டால் வலப்பக்கம். ஒல்லியான உயரமான ஆள். உப்பு அரித்து நகங்கள் வெளுத்திருக்கும். வெள்ளைத் தாடியில், வாய்க்கு வலப்பக்கம் மட்டும் பழுப்பாக ஒரு கறை. புகை பல வருடமாகப் போய் வந்த வழி அது.

புகை பிடித்த காலத்தில் அவருடைய நாள் தெளிவாக இருந்தது. காலையில் கழிப்பறைக்குப் போக ஒன்று. டீக்கு ஒன்று. லாரி வந்தால் ஒன்று, வராவிட்டால் அதற்காக ஒன்று. முதலாளி கத்தினால் மண்டியின் பின்பக்கம் போய் ஒன்று. நர்கீஸ், அவருடைய மனைவி, ஏதாவது சொல்லி அவருக்குச் சுருக்கென்று பட்டால் தெருமுனைக்கு நடந்துபோய் ஒன்று. திரும்பி வரும்போது எதற்காகச் சுருக்கென்றது என்பதே மறந்திருக்கும்.

அந்தப் பழக்கத்தை விடச் சொன்னது மருத்துவர் இல்லை, பள்ளிவாசலில் யாரும் இல்லை. மகள் ஷமா. அவளும் விடச் சொல்லவில்லை. ஏழாம் மாதம் பேறுகாலத்துக்கு அழைத்து வந்த அன்று, பக்கத்தில் வந்து உட்கார்ந்தவரிடமிருந்து மூக்கைத் திருப்பிக்கொண்டு சொன்னாள்: "அத்தா, சிகரெட் வாடை கொடலப் பொரட்டுது. செத்த அங்கிட்டு உக்காருங்களேன்."

அவ்வளவுதான். ஹாதி எழுந்தார். வாசலுக்குப் போனார். பாதிப் பாக்கெட்டைச் சாக்கடையில் போட்டுவிட்டு வந்து, தள்ளியே உட்கார்ந்தார். தான் செய்தது இன்னதென்று அவருக்கே மறுநாள் காலை கழிப்பறைக்குள்தான் புரிந்தது. வெகுநேரம் வெறும் கையோடு உட்கார்ந்திருந்துவிட்டு, வந்த காரியம் நடக்காமலே வெளியே வந்தார்.

ஷமாவைப் பரிசோதனைக்குக் கூட்டிப்போன இடத்தில் தீபா என்றொரு நர்ஸ் அவருக்கு யோசனை சொன்னாள். "அந்த ஆசை அலை மாதிரிங்கய்யா. வரும். தண்ணியக் குடிச்சிட்டுச் செத்த நேரம் சும்மா இருந்தா போயிரும்."

"நமக்குத் தெரிஞ்சது ஆத்தூர் டேம்தாம்மா. அதுல ஏது அலை?" என்றார் ஹாதி. ஆனாலும் தண்ணீர் குடித்தார். குடம் குடமாகக் குடித்தார். அலை போனது. சட்டையை உதறிக்கொண்டு நிமிர்வதற்குள் அடுத்தது வந்தது.

அவரைக் குழப்பியது அந்த ஆசைகூட இல்லை. வருவது எது என்றே பிடிபடவில்லை. சமையலறைக்குள் வேகமாகப் போய் அடுப்பு முன்னால் நின்றுவிடுவார். நர்கீஸ் கரண்டியோடு திரும்பிப் பார்ப்பாள். "என்னங்க, தண்ணி குடிக்க வந்தீங்களா, சண்டை போட வந்தீங்களா?"

"அதான் தெரியல. பசியா, கோவமா, தூக்கமா, இல்ல அதுவான்னு ஒரு மண்ணும் புரியல. முன்னாடி எல்லாத்துக்கும் ஒரே மருந்துல்ல? எந்த நோவுன்னு நான் எதுக்குப் பாக்கப் போறேன்?"

பொன்னழகு ஒருநாள் தோல்கட்டைக் கைதவறிப் போட்டதற்கு, ஹாதி தெரு திரும்பிப் பார்க்கும்படி திட்டித் தீர்த்தார். சாயங்காலமே பரோட்டாப் பொட்டலத்தோடு அவர் வீட்டு வாசலில் போய் நின்றார். மன்னிப்புக் கேட்க வாய் வரவில்லை. "சால்னா சூடா இருக்கு, ஆறிரப் போகுது" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார்.

அப்புறம் ஒரு காலை. மண்டிக் கதவைத் தூக்கியதும் குப்பென்று முகத்தில் அறைந்தது ஒரு நாற்றம். ஹாதி வாயைப் பொத்திக்கொண்டு வெளியே ஓடினார். எங்கோ பெருச்சாளி செத்துக் கிடக்கிறது என்று முடிவு கட்டி, அடுக்குகளை நகர்த்தி மூலை மூலையாகத் தேடவும் ஆரம்பித்துவிட்டார். பொன்னழகு கொஞ்ச நேரம் வேடிக்கை பார்த்துவிட்டுச் சொன்னார்: "பாய், இது நம்ம தோலு. எப்பவும் இப்புடித்தான் அடிக்கும்."

"எப்பவுமா?"

"எப்பவும்."

இத்தனை வருடம் நாளெல்லாம் மிதித்துப் புழங்கிய இடத்தை ஹாதி புது ஆள் மாதிரி சுற்றிப் பார்த்தார். பிறகு தன் முழங்கையை மூக்கருகே கொண்டுபோனார். சட்டையை முகர்ந்தார். அதே வாடை. பகல் முழுக்க வாயால் மூச்சு விட்டுக்கொண்டே வேலை பார்த்தார்.

வீட்டுக்குப் போய் ஷமாவின் அருகில் உட்கார்ந்ததும் அவள் மெல்ல நகர்ந்தாள்.

"சிகரெட் இல்லம்மா! அல்லா மேல ஆணையா தொடவே இல்ல!"

"தெரியும்த்தா. இது வேற. தோல் வாடை. முன்னாடி சிகரெட்டு இத மூடிருச்சு போல." சொல்லிவிட்டு அவளே வருந்தி, "எனக்கு இப்ப எல்லாமே பொரட்டுதுத்தா. நீங்க ஒண்ணும் நெனச்சுக்காதீங்க" என்றாள்.

ஹாதி நினைத்துக்கொண்டார். எலுமிச்சம்பழத் தோலால் உடம்பைத் தேய்த்துக் குளித்தார். அத்தர் பூசிப் பார்த்தார். அத்தரும் தோலும் சேர்ந்து மூன்றாவதாக ஒரு நாற்றம் பிறந்தது. மகளுக்காக ஒன்றை விட்டோம், விட்டதனாலேயே அவளுக்கு இன்னும் தூரமாகிவிட்டோமே, இது என்ன நியாயம் என்று அவருக்கு விளங்கவில்லை. வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த நர்கீஸிடம் போய் நின்றார்.

"ஒனக்கு வாடை அடிக்கலையா? இம்புட்டு வருசமா?"

அவள் யோசித்தாள். "எது சிகரெட்டு, எது தோலு, எது நீங்கன்னு நான் பிரிச்சுப் பாத்ததில்லையே. வாசல்ல வரும்போதே நீங்க வந்துட்டீங்கன்னு தெரியும். அம்புட்டுதான்."

இதில் ஆறுதல் இருந்ததா, குறை இருந்ததா என்று ஹாதிக்குப் பிடிபடவில்லை.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு மத்தியானம், செம்பட்டியிலிருந்து வந்த கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தவர் பாதியில் எழுந்து, கை கால் கழுவிக்கொண்டு, பெட்டிக்கடைக்கு நடந்தார். அவர் மனதில் ஓடியது இதுதான்: புகை இருந்தவரை தோல் வாடை தெரியவில்லை, அவருக்கும் தெரியவில்லை, பிள்ளைக்கும் தெரியவில்லை. ரெண்டில் எது தேவலை? கடைக்காரர் கேட்காமலே அவருடைய வழக்கமான சிகரெட்டை நீட்டினார். ஹாதி பற்ற வைத்தார்.

முதல் இழுப்பு எரிந்த வைக்கோலை மென்றதுபோல இருந்தது. தலை சுற்றிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார். இதற்கா இத்தனை நாள் ஏங்கினோம்? ஆனால் இரண்டாவது இழுப்பில் தோள்பட்டை தானாக இறங்கியது. கண் லேசாகச் சொருகியது. நாக்கு வேண்டாம் என்றது, உடம்பு வேண்டும் என்றது. எதன் பேச்சைக் கேட்பது என்று தெரியாமலே கடைசிவரை பிடித்துத் தீர்த்தார். துண்டைக் காலால் நசுக்கும்போது போன் அடித்தது.

"எங்க இருக்கீங்க?" நர்கீஸ்தான். "புள்ளைக்கு வலி வந்துருச்சு. ஆட்டோல ஏறிட்டோம். மண்டி வழியாத்தான் வாரோம். ரோட்டுக்கு வந்து நில்லுங்க."

ஆட்டோ வந்து நின்றபோது ஹாதிக்குக் கையால் வாயைத் துடைத்துத் துடைத்து உதடு சிவந்திருந்தது. கிராம்பு போட்டிருக்கலாம்; பையில் கிராம்பு இருந்தது அந்த நேரம் தோன்றவே இல்லை. ஓட்டுநரின் பக்கத்தில் ஒடுங்கிக்கொள்ளப் போனார்.

"அத்தா, பின்னாடி வாங்க" என்றாள் ஷமா. நெற்றியில் முடி வியர்வையில் ஒட்டியிருந்தது.

"இல்லம்மா, நான் இப்ப..."

"வாங்கத்தா!"

நர்கீஸ் உள்ளே தள்ளி உட்கார, ஹாதி விளிம்பில் ஏறிக்கொண்டார். வண்டி ஒரு குழியில் இறங்கி ஏறியதும் அடுத்த வலி வந்தது. ஷமா அவருடைய சட்டையை இரண்டு கையாலும் கொத்தாகப் பிடித்து இழுத்து, தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். காலையிலிருந்து தோலோடு புழங்கிய சட்டை. அதன்மேல் இப்போதுதான் பிடித்த புகை.

"வாடை அடிக்குமேம்மா" என்றார் ஹாதி.

"அடிக்கட்டும். அசையாதீங்க."

எந்த வாடையைச் சொல்கிறாள், அவளுக்குத் தெரிந்துவிட்டதா, தெரிந்துதான் பேசாமல் இருக்கிறாளா? அவருக்கு ஒன்றும் புரியவில்லை. கேட்க அது நேரமும் இல்லை. அவள் சொன்னபடி அசையாமல் இருந்தார். தோளை அவளிடம் விட்டுவிட்டு, கழுத்தை மட்டும் நீட்டி முகத்தை ஆட்டோவுக்கு வெளியே திருப்பிக்கொண்டார். ஆஸ்பத்திரி வரும்வரை தன் மூச்சையெல்லாம் ரோட்டுக் காற்றில் விட்டுக்கொண்டே வந்தார்.