உஸ்மான் பாயின் தும்பிக்குளம்

உஸ்மான் பாய் காலமான செய்தி வேலூரில் என் அலுவலகத்துக்குத் தபால் கார்டில் வந்தது. அவருடைய மனைவி ஹமீதாம்மா யாரையோ எழுதச் சொல்லி அனுப்பியிருந்தார். நான் அதைப் படித்தபோது அடக்கம் முடிந்து நான்கு நாட்கள் ஆகியிருந்தன.

திருவண்ணாமலையில் பலருக்கும் அவரைக் கடிகாரம் ரிப்பேர் செய்பவராகத்தான் தெரியும். தும்பிகளைப் படம் எடுத்தவர் என்று அறிந்தவர்கள் சிலர்தான். அந்தச் சிலரில் நானும் ஒருவன் என்பதால்தான் இதை எழுதக் கூசுகிறது.

எழுபதுகளின் நடுவில் மலேரியா ஒழிப்பு வேலையில் மேற்பார்வையாளனாக அந்த ஊருக்கு மாற்றலாகிப் போனேன். நின்றுபோன கைக்கடிகாரத்தை அவர் கடையில் கொடுத்தபோது என் உத்தியோகத்தை விசாரித்தார்.

“கொசு ஒழிக்கிற சாரா? உங்க டிப்பார்ட்மெண்ட் ஆளுங்க எங்க வீட்ல ஜாஸ்தி பேர் இருக்காங்க. ஞாயித்துக்கிழமை வந்து பாருங்க.”

போனேன். செங்கம் சாலையில் அவர் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்னத் தோட்டம். அதன் நடுவே பத்தடி நீளத்தில் அல்லிக்குளம். ஒரு கண்ணாடிப் பாட்டிலில் குளத்து நீரை மொண்டு காட்டினார். உள்ளே பழுப்பு நிறத்தில் ஆறு கால்களோடு ஒரு பூச்சி. கொசுப்புழு ஒன்று அருகே நெளிந்து வந்ததும் லபக்கென்று பிடித்துத் தின்றது.

“தும்பியோட குஞ்சு சார். சம்பளமில்லாம உங்க வேலையத்தான் பாக்குது” என்று சிரித்தார்.

அதன்பின் ஞாயிறு காலைகள் அங்கேதான் கழிந்தன. கடிகாரம் பார்க்கக் கண்ணில் பொருத்தும் பூதக்கண்ணாடியைப் பழைய கேமராவின் முன்னால் ஒட்டிக்கொண்டு, சேற்றில் முழங்கால் புதைய உட்கார்ந்திருப்பார். நான் கையை ஆட்டினால், “அசையாதீங்க சார், அது நம்மளத்தான் பாத்துக்கிட்டிருக்குது” என்பார். அவருக்கு ஒரே ஆசைதான். குஞ்சு கோரைத் தண்டில் ஏறி, முதுகு பிளந்து, தும்பியாக வெளிவருவதை முதலிலிருந்து கடைசிவரை எடுக்க வேண்டும். இரண்டு வருடம் முயன்றும் வாய்க்கவில்லை.

மூன்றாம் வருடம் அந்தத் தெருவில் காய்ச்சல் பரவியது. கொசுப்புழுக்கள் சாக, தேங்கிய நீர் எல்லாவற்றிலும் எண்ணெய் ஊற்றும்படி உத்தரவு வந்தது. ஆட்களோடு நான் அவர் வாசலில் போய் நின்றேன்.

“ஒரு வாரம் டைம் குடுங்க சார். நாலஞ்சு குஞ்சு மேல ஏறுற நேரம் இது, எண்ணெய் ஊத்துனா அதுங்களும் செத்துடும். இந்தக் குளத்துல கொசுப்புழு இருக்குதான்னு நீங்களே மொண்டு பாருங்க.”

இருக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு குழந்தை காய்ச்சலில் படுத்திருந்தது. தெருவே வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

“எல்லார் வீட்லயும் ஊத்திட்டு உங்க வீட்ட மட்டும் விட்டா, சினேகிதர்னு விட்டுட்டான்னு பேசுவாங்க பாய்.”

 அவர் தானே போய்த் தோட்டத்துக் கதவைத் திறந்துவிட்டார். ஹமீதாம்மாதான் பொறுக்கமாட்டாமல் கேட்டார்: “வாரா வாரம் வந்து பாத்தீங்களே சார், உங்களுக்குமா தெரியல?”

நான் ஆட்களை உள்ளே அனுப்பி எண்ணெய் ஊற்றச் சொன்னேன். குளத்தில் மொண்டு பார்த்திருக்கலாம். பார்த்ததை எழுதி மேலதிகாரியிடம் கொடுத்திருக்கலாம். அதற்கு அரைமணி நேரம்கூட ஆகியிருக்காது.

அடுத்த ஞாயிறு நான் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. கடைத்தெருவில் பார்த்தால், “என்னா சார், ஆளையே காணோம்” என்று எப்போதும்போலத்தான் பேசுவார். அந்த மரியாதைதான் என்னை அதிகம் வாட்டியது. சில மாதங்களில் வேலூருக்கு மாற்றல் கேட்டு வாங்கிக்கொண்டேன்.

எண்பதுகளின் தொடக்கத்தில் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. குளத்தை இறைத்துக் கழுவி, புதிதாக அல்லி வைத்து, மூன்று மழைக்காலம் காத்திருந்தாராம். ‘தும்பி திரும்ப வந்துட்டுது சார். ஒரு நடை வந்து பாருங்க’ என்று எழுதியிருந்தார். வருகிறேன் என்று பதில் போட்டேன். வேலூரிலிருந்து பஸ்ஸில் சில மணி நேரப் பயணம்தான். ஆனாலும் போகவில்லை.

கார்டு வந்த மறுநாள் போனேன். ஹமீதாம்மா என்னைக் கடிந்துகொள்ளவில்லை. உள்ளே போய் ஒரு உறையை எடுத்து வந்து தந்தார். போன வருடம் ஒரு விடியலில் எடுத்த படங்கள். தண்டில் ஏறும் குஞ்சு, பிளந்த முதுகு, வெளியே தலைகீழாகத் தொங்கும் உடல், கசங்கிய ஈரச் சிறகுகள், விரிந்த சிறகுகள். எல்லாம் வரிசையாக இருந்தன. கடைசிப் படத்தில் தும்பி இல்லை. தண்டைப் பற்றியபடி வெறும் தோல் மட்டும் இருந்தது.

“பறக்கறத எடுக்கலையாம்மா?”

“எடுக்கல சார். அது பறக்கற நேரத்துல கேமராவக் கீழ வச்சிட்டாரு. கண்ணால பாக்கணும்னு தோணிச்சாம். அப்புறம் வந்து, ‘பக்கத்துல சார் இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும்’னு சொன்னாரு.”

பாய், அன்று உங்கள் பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும். சென்று வாருங்கள்.